கடல்மீன் தொட்டி: கடைக்காரர் சொல்வதில் எதை நம்புவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிவிட்டால் எங்கள் ஊர் மீன்தொட்டிக் கடைகளில் பிள்ளைகளோடு தாய் தகப்பன்மார் நிற்பதைப் பார்க்கலாம். போன வருடம் நானும் அப்படித்தான் போய் நின்றேன். மகளைப் புறாமலைத் தீவுக்குக் கூட்டிப்போயிருந்தோம், கண்ணாடி போட்டுத் தண்ணீருக்குள் ஒருதரம் முகத்தை வைத்தவள்தான், வீடு திரும்பும் வரை மீனைத் தவிர வேறு பேச்சில்லை. அடுத்த கிழமையே கடைக்குப் போனோம். அங்கே எனக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் எழுதினால் இன்னொரு வீட்டிலாவது மீன் சாகாமல் இருக்கும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இரண்டு அடித் தொட்டி ஒன்று, ஒரு பில்டர், ஒரு ஹீட்டர், ஒரு போத்தல் பக்டீரியா மருந்து, மீன் மூன்று. அன்றைக்கு வாங்கியது இவ்வளவும். மீனில் இரண்டு கோமாளி மீன், மற்றது மஞ்சள் நிற வண்ணாத்திப்பூச்சி மீன். "தண்ணிய விட்டு இந்தப் போத்தல ஊத்துங்கோ அக்கா, நாளைக்கே மீன விடலாம்" என்று கடைக்காரத் தம்பி சொன்னார். உப்புக்கு என்ன செய்வது என்று கேட்டேன், கல்லுப்புக் கரைத்தால் போதும் என்றார்.

வண்ணாத்திப்பூச்சி மீன் ஒன்பது நாள் இருந்தது. முதல் நாளிலிருந்தே அது சாப்பிடவில்லை. தீனியைப் போட்டால் அந்தத் துண்டு அதன் வாய்க்கு முன்னாலேயே மெதுவாக இறங்கிப்போகும், அது திரும்பியும் பார்க்காது. தொட்டிக்குள் வைத்திருந்த வெறும் கல்லிடம் போய், அந்த நீளமான வாயால் ஒரு இடத்தைக் கொத்தும், பின்வாங்கும், இன்னொரு இடத்தைக் கொத்தும். அங்கே ஒன்றுமில்லை. வண்ணாத்திப்பூச்சி மீன்களில் பல இனங்கள் உயிருள்ள முருகைக்கல்லின் (பவளப்பாறையின்) சின்ன உயிர்களைத் தின்றே வாழ்பவை, கடையில் விற்கிற தீனி அவற்றுக்குத் தீனியே இல்லை என்பதைப் பிறகுதான் படித்து அறிந்தேன். ஆறாம் நாள் அதன் வயிறு உள்ளே ஒட்டியிருந்தது. மகள் பள்ளிக்கூடம் போகுமுன் ஒவ்வொரு காலையும் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்து "இண்டைக்குச் சாப்பிடுமா அம்மா" என்று கேட்பாள்.

அது செத்து இரண்டாம் நாள் கோமாளி மீனில் ஒன்றும் போய்விட்டது. அதற்குக் காரணம் வேறு. அமோனியா பார்க்கிற டெஸ்ட் கிட் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துப் பார்த்தேன், மஞ்சளாக இருக்கவேண்டிய தண்ணீர் கடும் பச்சையாக மாறியது, மீனுக்கு நஞ்சான அமோனியா கூடிவிட்டது. மீனின் கழிவிலும் மிஞ்சுகிற தீனியிலும் இருந்து அமோனியா வரும். அதை ஒருவகை பக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட் ஆக்கும். இந்த பக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் பில்டரிலும் குடியேறிப் பெருகுவதற்கு நாலு தொடக்கம் ஆறு கிழமை வேண்டும். போத்தலில் வருவது சிலவேளை அதை விரைவாக்கும், ஆனால் டெஸ்ட் பண்ணிப் பார்க்காமல் அதை மட்டும் நம்பி மீனை விடக்கூடாது. நன்னீரில் கோல்ட்பிஷ் வளர்த்த பழக்கத்தில் நானும் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. கடல் தண்ணீரின் காரத்தன்மை (pH) 8.2 அளவில் இருக்கும், அந்த அளவில், அதுவும் எங்கள் ஊர் வெக்கையில், அதே அமோனியா இன்னும் கொடிய நஞ்சாகிவிடும்.

பக்டீரியாவை வளர்க்கக் காசு செலவழிக்கவும் தேவையில்லை. மீன் இல்லாத தொட்டியில் ஒரு பச்சை இறாலைப் போட்டு அழுகவிட்டால் பக்டீரியாவுக்கு அதுவே சாப்பாடு. அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் பூச்சியத்துக்கு வரும்வரை பொறுத்திருந்தால் சரி. அந்த ஆறு கிழமையும் கடைக்கு வியாபாரம் இல்லை. யாரும் அதை வாய் திறந்து சொல்லாததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கல்லுப்பு விஷயத்தில் என்னைக் காப்பாற்றியது அப்பா. அவர் திருக்கடலூரில் கரைவலை இழுத்த மனிசன். நிலாவெளி உப்பளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கடல் தண்ணீர் வற்றி உப்பு விளைந்த பிறகு ஒரு கசப்புத் தண்ணீர் மிஞ்சும், அதை வெளியே விட்டுவிடுவார்கள். கடலில் இருக்கிற மக்னீசியத்தில் பெரும்பங்கு அந்தக் கசப்பில்தான் இருக்கிறது, கல்சியமோ உப்பு விளையுமுன்பே ஜிப்சமாகப் படிந்துவிடும். கையில் வருகிற கல்லுப்பு கறிக்கு ஆகும், தொட்டிக்கு ஆகாது. செயற்கைக் கடலுப்பு என்று தனியாக விற்கிறார்கள், லீற்றருக்கு 35 கிராம் அளவு வேண்டும், விலை கூட. அப்பா படகில் வெளியே போய்க் கலனில் தண்ணீர் அள்ளி வந்தார். "துறைமுகத்துக்குள்ள அள்ளாத பிள்ளை, எண்ணெய் கிடக்கும். மாரிக்கு கொட்டியாரப் பக்கமும் வேண்டாம், ஆத்துத் தண்ணி கலந்திடும்" என்றார். மகாவலி விழுகிற குடா அது. மார்கழியில் அள்ளிய தண்ணீரை, உப்பின் அளவைக் காட்டுகிற ஹைட்ரோமீற்றரில் பார்த்தேன், 1.020 தான் காட்டியது, வேண்டியது 1.025. கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதற்காக அளக்காமல் ஊற்றக்கூடாது.

அப்புறம் அந்த ஹீட்டர். திருகோணமலையில் வெயில் காலத்தில் தொட்டித் தண்ணீர் முப்பது பாகையைத் தாண்டிவிடும், அதில் ஹீட்டருக்கு என்ன வேலை? தண்ணீரின் மேலே காற்று படும்படி ஒரு சின்ன மின்விசிறி பூட்டினேன், இரண்டு மூன்று பாகை இறங்கியது. தண்ணீர் வற்றும்போது உப்பு வற்றாது, ஆகவே குறைந்த அளவுக்கு நன்னீர்தான் விடவேண்டும். இதைத் தெரியாமல் திரும்பவும் உப்புத்தண்ணீரே விட்டால் நாளுக்கு நாள் உப்பு ஏறிக்கொண்டே போகும். கரண்ட் போகும் நேரத்துக்கு பற்றரியில் ஓடுகிற காற்றுப் பம்ப் ஒன்றும் வாங்கி வையுங்கள்.

எல்லாக் கடைக்காரரையும் நான் குறை சொல்லவில்லை. தப்பிய ஒரு மீனுக்குச் சோடி தேடி வேறொரு கடைக்குப் போனேன். மகள் அங்கே ஒரு நீல மீனைக் காட்டி அடம்பிடித்தாள். "அது தருவன் அக்கா, ஆனா உங்கட தொட்டி காணாது, அது ஓடித் திரியிற மீன்" என்று அங்கே வேலை செய்யும் பிள்ளை மறுத்துவிட்டான். கோமாளி மீனில் சின்னதாகப் பார்த்து எடுக்கச் சொன்னதும் அவன்தான். அவை ஆணாகவே வளர்கின்றன, சோடியில் பெரியதுதான் பெண்ணாக மாறும், இரண்டும் பெரிதென்றால் அடிபடும். கடலில் அவை குடியிருக்கிற கடல்சாமந்தி இல்லாமலும் தொட்டியில் அவை நன்றாக வாழும் என்றான். வாங்குமுன் என் கண்முன்னே தீனி போட்டுக் காட்டினான். அன்றைக்குக் கிடைக்கவேண்டிய காசைவிட்டு அவன் சொன்ன வார்த்தை ஒவ்வொன்றையும் பிறகு தேடிப் பார்த்தேன், எல்லாம் சரியாகவே இருந்தது. அன்றுமுதல் யாரிடமும் நான் முதலில் கேட்பது, "எனக்கு எந்த மீனை விற்கமாட்டீர்கள்?" என்பதுதான்.

இன்னொன்று. "உயிர்க்கல்", அதாவது பக்டீரியா ஏற்கனவே பிடித்த கல், என்று சொல்லிக் கடலில் பிடுங்கிய முருகைக்கல்லை யாராவது தந்தால் வாங்காதீர்கள். உயிருள்ள முருகைக்கல்லை உடைப்பது சட்டப்படி குற்றம். 2003 முதல் தேசிய பூங்காவாக இருக்கிற புறாமலையில் ஒரு சிப்பியைக்கூட எடுக்க உரிமையில்லை. காய்ந்த கல்லிலும் பக்டீரியா பிடிக்கும், நாள் கொஞ்சம் கூடச் செல்லும், அவ்வளவுதான்.

கடைக்காரரிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. விலை எழுதி ஒட்டுகிற அதே துண்டில் இந்த மீன் எவ்வளவு வளரும், என்ன தின்னும், எத்தனை லீற்றர் வேண்டும் என்று மூன்று வரி தமிழில் எழுதி ஒட்டுங்கள். முருகைக்கல் தின்கிற மீனை வீட்டுத் தொட்டிக்கு விற்கவே வேண்டாம். தொட்டி வாங்கியவரை ஆறு கிழமை கழித்து மீனுக்கு வரச் சொல்லுங்கள். நாங்கள் திரும்பி வருவோம்.

இப்படிக்கு,
உப்புவெளி வாசகி ஒருவர்,
திருகோணமலை