விசுவாசமும் வாசற்படியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவர்கள் தங்கள் விசுவாசத்தைச் செயலில் காட்ட வேண்டும் என்று பிரசங்க பீடத்திலிருந்து கேளாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. அந்தச் செயலை ஆலயத்தின் வாசற்படியிலேயே தொடங்கலாம் என்பது என் கருத்து. எங்கள் பகுதியில் அண்மைக்காலத்தில் புதுப்பிக்கப்பட்ட ஆலயங்களில் கோபுரம் உயர்ந்திருக்கிறது, தரைக்கு கிரானைட் வந்திருக்கிறது, ஒலிபெருக்கி அடுத்த தெருவரைக்கும் கேட்கிறது. சக்கர நாற்காலியில் வருகிறவர் உள்ளே போவதற்கு மட்டும் பல இடங்களில் வழி இல்லை.

நான் அறிந்த ஓர் ஆலயத்தில், பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்த மூதாட்டியை வாலிபர்கள் நால்வர் நாற்காலியோடு தூக்கிப் படியேற்றுவார்கள். அவர்கள் அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் நாற்காலி சற்றே சாயும்போது, அந்த அம்மாள் இயங்குகிற ஒரே கையால் ஒரு பையனுடைய சட்டையை இறுகப் பற்றிக்கொள்வதையும், விலகிய சேலையைச் சரிசெய்ய மறுகை இல்லாமல் கண்களை மூடிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். தூக்க ஆள் வராத வாரங்களில் அவர் போர்டிகோவிலேயே இருந்துவிடுவார். மற்றவர்கள் எல்லாரும் பெற்ற பிறகு ஆயர் திருவிருந்தை (அப்பமும் திராட்சரசமும்) அங்கே கொண்டுவந்து கொடுப்பார். இதை ஆயருடைய தாழ்மை என்று சபையார் மெச்சிக்கொள்கிறார்கள். சபையின் அங்கத்தினர் ஒருவரைச் சொந்த ஆலயத்துக்கு வெளியே உட்கார வைத்துவிட்டு அதில் தாழ்மையைக் காண என்னால் முடியவில்லை.

நடக்க இயலாத திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்த நால்வர் கூட்டத்தினிமித்தம் வாசலில் நுழைய முடியாமல், கூரையைப் பிரித்து அவனை உள்ளே இறக்கியதை மாற்கு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். (வீட்டுக்காரர் என்ன சொன்னாரோ!) அவர்களுடைய விசுவாசத்தை இயேசு கண்டார் என்கிறது வேதம், அந்த நால்வரும் வாய்திறந்து ஒரு வார்த்தை பேசியதாக அங்கே எழுதியிருக்கவில்லை.

இது தமிழகத் திருச்சபைக்குத் தெரியாத காரியமும் அன்று. பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளிகள் கண்ட ஊர் பாளையங்கோட்டை. மிஷனரிகளான ஆஸ்க்வித் அம்மையாரும் ஸ்வெய்ன்சன் அம்மையாரும் தொடங்கிய பணி அது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் சாலை விபத்தில் இரு கால்களும் செயலிழந்த பின்னர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் அங்கே உருவான மறுவாழ்வு நிலையத்துக்கும் அவரே காரணர். இத்தகைய பாரம்பரியம் உள்ள நாம், அவரைப் போன்ற ஒருவர் ஆராதனைக்கு வந்தால் நான்கு பேரைத் தேடி ஓட வேண்டியிருக்கிறது.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பொதுமக்கள் வந்துபோகும் வழிபாட்டுக் கட்டடங்களையும் பொதுக் கட்டடம் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. ஆயினும் சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டிய நிலை நமக்கு வரக் கூடாது. ஆலய வளாகத்திலுள்ள பள்ளிக்கூடம் வாக்குச்சாவடியாக இருக்கிற காரணத்தால் அங்கே சாய்தளம் இருப்பதையும், அதே வளாகத்து ஆலயத்தில் இல்லாதிருப்பதையும் காண்கையில் வெட்கமாக இருக்கிறது.

சாய்தளம் என்ற பெயரில் ஸ்கூட்டர் ஏற்றுவதற்குப் போடுகிற செங்குத்தான சரிவும் உதவாது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது பொதுவான அளவு. படிகளின் மொத்த உயரம் இரண்டடி என்றால் இருபத்துநான்கு அடி ஓடவேண்டும். முன்வாசலில் இடம் போதாவிட்டால் பக்கவாசலில் அமைக்கலாம், இருபுறமும் கைப்பிடி வைக்கலாம். உள்ளே முதல் வரிசையில் ஒரு பெஞ்சைக் குறைத்தால் நாற்காலி நிற்க இடம் கிடைத்துவிடும்.

ஆகவே, ஆலயம் அர்ப்பணிக்கப்பட்ட நாளைக் கொண்டாடும் அடுத்த பிரதிஷ்டைப் பண்டிகைக்கு வரவுசெலவுத் திட்டம் போடும், ஆலய நிர்வாகத்தைக் கவனிக்கிற சேகரக் கமிட்டிகள், பந்தலுக்கும் மின்விளக்கு அலங்காரத்துக்கும் தொகை ஒதுக்குமுன் இந்த வேலைக்கு ஒதுக்க வேண்டுமென்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். கொத்தனாரை அழைப்பதற்கு முன், சபையில் சக்கர நாற்காலியோ ஊன்றுகோலோ பயன்படுத்துகிறவர்களை அழைத்து, சரிவு எங்கே வர வேண்டும் என்று அவர்களையே கேட்பது நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.