பழுதை நீங்களே வரவழைத்துப் பாருங்கள்: எங்கள் வங்கிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பிரதம தகவல் அதிகாரி அவர்களுக்கும் பணிப்பாளர் சபையினருக்கும்,

வணக்கம்.

கடந்த சம்பள நாளில் உங்கள் கொடுப்பனவுச் செயலி பின்னேரம் வரை முடங்கியதை நாங்கள் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு என்று நீங்கள் விடுத்த அறிவித்தலையும் வாசித்தோம். அது எதிர்பார்த்திருக்கக்கூடிய கோளாறு. முன்கூட்டியே வரவழைத்துப் பார்த்திருக்கவும் கூடியது. அதனால்தான் எழுதுகிறோம்.

கொழும்பில் மேகக் கணினித் தொகுதிகளைக் கட்டி, இரவில் அழைப்பு வந்தால் எழுந்து திருத்தும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். உங்கள் வாடிக்கையாளர்களும்கூட. எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: மாதம் ஒரு தடவை, வேலை நாளில், பகலில், உங்கள் தொகுதிக்குள் நீங்களே பழுதைப் புகுத்தி ஒத்திகை பாருங்கள்.

அன்று காலை வெள்ளவத்தைப் பாமசி ஒன்றில் ஓய்வூதியம் பெறும் அம்மா ஒருவர் இன்சுலினும் பிரஷர் மருந்தும் வாங்கினார். பில் 8,450 ரூபா. கியூஆரை ஸ்கேன் பண்ணிப் பணத்தைச் செலுத்தினார். செயலி சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு ‘மீண்டும் முயற்சிக்கவும்’ என்றது. முயற்சித்தார். அதே பதில். கடைக்காரரின் கைத்தொலைபேசிக்கு ஒன்றும் வரவில்லை. மருந்துப் பை கவுன்டருக்கு உள்பக்கமே இருந்தது. பின்னேரம் தொகுதி மீண்டபோது கணக்கில் இரண்டு தடவையும் பணம் கழிந்திருந்தது, மொத்தம் 16,900 ரூபா. உங்கள் அழைப்பு நிலையம் ஏழு வேலை நாள் பொறுக்கச் சொன்னது. மாத ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருப்பவர் அந்த ஏழு நாளை எப்படி ஓட்டுவார் என்று சபையில் யாராவது கேட்டீர்களா?

இரட்டைக் கழிப்பு எப்படி வருகிறது என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். கோரிக்கை சேர்வருக்குப் போய்ச் சேர்கிறது, பணம் கழிகிறது, ‘சரி’ என்ற பதில் மட்டும் வழியில் தொலைகிறது. செயலி 30 விநாடியில் கைவிட, பின்னால் உள்ள தொகுதி 60 விநாடி வரை வேலை செய்துகொண்டிருந்தால் இது நிச்சயம் நடக்கும். வாடிக்கையாளர் மறுபடி அழுத்தும்போது புதிய பரிவர்த்தனை இலக்கம் பிறக்கிறது. தொகுதியின் கணக்கில் அது வேறொரு கொடுப்பனவு. திருத்தமும் தெரிந்ததே. தொகையை உறுதிசெய்யும் திரையிலேயே ஓர் இலக்கத்தை உருவாக்கி, எத்தனை தடவை அழுத்தினாலும் அதையே அனுப்ப வேண்டும். தரவுத்தளத்தில் அந்த இலக்கம் இரண்டாம் முறை பதிய முடியாதபடி கட்டுப்பாடு இருக்க வேண்டும். இரண்டாவது கோரிக்கைக்கு முதலாவதன் முடிவையே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது என்று உங்கள் பொறியியலாளர்கள் சொல்லக்கூடும். அப்படியானால் ஒத்திகையில் காட்டுவது சுலபம். ஆனால் சரியான இடத்தில் வெட்ட வேண்டும். சேவைகளுக்கு இடையிலான போக்குவரத்தை நிர்வகிக்கும் இஸ்டியோ மென்பொருளில் உள்ள ‘அபோர்ட்’ வசதி கோரிக்கையைப் பின்னால் அனுப்பாமலே பிழையைத் திருப்பிவிடும். பணம் கழியவே கழியாது, பழுதும் வெளிப்படாது. வெட்ட வேண்டியது பதிலை. வலைப் பழுதைச் செயற்கையாக உண்டாக்கும் டாக்ஸிபிராக்ஸி என்ற கருவியை, செயலியின் கோரிக்கைகள் உள்ளே வரும் ஏபிஐ வாசலுக்கும் கொடுப்பனவுச் சேவைக்கும் இடையில் வைத்து, திரும்பிவரும் திசையில் மட்டும் ‘டைம்அவுட்’ போடுங்கள். சோதனைக் கணக்குகளிலிருந்து 100 கொடுப்பனவுகளை ஒவ்வொன்றும் மூன்று தடவை அழுத்துங்கள். தடையை எடுத்த பிறகு பேரேட்டைப் பாருங்கள். 100 பதிவு இருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். 101 இருந்தாலும் அந்த அம்மாவுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கும்.

அடுத்து, மெதுவாவது. பின்னால் உள்ள தொகுதி செத்துப்போனால் பெரும்பாலும் இணைப்பு உடனே மறுக்கப்படும், மற்றவை தப்பும். உயிரோடு இருந்துகொண்டு இழுத்தால்தான் எல்லாவற்றையும் சேர்த்து விழுத்தும். விநாடிக்கு 200 கோரிக்கை, ஒவ்வொன்றும் 50 மில்லிவிநாடி என்றால் ஒரே நேரத்தில் 10 இணைப்புப் போதும். அதே கோரிக்கைகள் தலா 5 விநாடி எடுத்தால் 1,000 வேண்டும். உங்கள் இணைப்புக் குளத்தின் அளவு, அதாவது ஒரே நேரத்தில் திறந்திருக்கக்கூடிய இணைப்புகள், 100 என்றால், மிச்சம் எல்லாம் வரிசையில் நிற்கும். மீதியைப் பார்க்க மட்டும் வந்தவரும் சேர்ந்து நிற்பார். அதற்கு மேல் செயலி, வாசல், சேவை என்று மூன்று அடுக்கும் தலா மூன்று தடவை முயன்றால், ஒரு அழுத்தம் 27 ஆகப் போய், திணறிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் தலையில் விழும். மறுமுயற்சியை ஒரே அடுக்கில் வையுங்கள். இடைவெளியை ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாக்கி, எல்லோரும் ஒரே கணத்தில் திரும்பி வராதபடி கொஞ்சம் தற்செயலையும் கலந்துவிடுங்கள்.

இதைச் சோதிக்க, வலையில் தாமதத்தையும் இழப்பையும் உண்டாக்கும் நெட்எம் என்ற வசதி லினக்ஸிலேயே இருக்கிறது. 300 மில்லிவிநாடி தாமதம், 2 சதவீதத் தரவுப்பொதி இழப்பில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம். ஒரு எச்சரிக்கை: முழு வலை இடைமுகத்திலும் போட்டால் உங்கள் சொந்த நுழைவும் சேர்ந்து திணறும், எடுக்கப் போனாலும் உள்ளே போக முடியாது. ஆகவே பத்து நிமிடத்தில் பழுதைத் தானாக நீக்கும் கட்டளையை முதலில் ஓடவிட்டு, அதன் பிறகே பழுதைப் போடுங்கள்.

மூன்று வலயங்களில், அதாவது தனித்தனித் தரவு மையங்களில், ஓடுகிறோம் என்று உங்கள் ஆண்டறிக்கை சொல்கிறது. மூன்றும் 60 சதவீதச் சுமையில் ஓடினால், ஒன்று போனதும் மற்ற இரண்டும் 90 சதவீதத்துக்கு ஏறும். சம்பள நாளில் அதற்கும் மேலே போகும். 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டு, சமநிலை குலைந்து, நாடே இருண்டதை எல்லோரும் பார்த்தோம். புதிய இயந்திரங்கள் தானாக எழும் என்றும் நம்பியிருக்க முடியாது. 2025 ஒக்டோபர் 20 இல் அமேசான் மேகச் சேவையின் வட வர்ஜீனியாப் பிராந்தியம் தடுமாறியபோது புதிய இயந்திரங்களை எழுப்புவதே பல மணி நேரம் தடைப்பட்டது. வெளியே போகும் எல்லாப் போக்குவரத்துக்கும் ஒரே வலயத்தில் ஒரேயொரு நாட் வாசலை (உள்ளிருக்கும் இயந்திரங்கள் இணையத்துக்குப் போகும் வழி) வைத்துவிட்டு, சேவைகளை மட்டும் மூன்று வலயத்தில் பரப்பிய தொகுதிகளையும் கண்டிருக்கிறோம். தரவுத்தளத்தின் முதன்மைப் பிரதியை விழுத்தினால் மாற்றுப் பிரதி பொதுவாக 60 முதல் 120 விநாடிக்குள் எழும். ஆனால் ஜாவாச் சேவைகள் பழைய முகவரியை நினைவில் வைத்துக்கொண்டு செத்த இயந்திரத்தையே தட்டிக்கொண்டிருக்கலாம். தொகுதியின் வரைபடத்தில் இவற்றில் ஒன்றும் தெரியாது.

நடத்தும் முறை பெரிய இரகசியம் அல்ல. முதலில் ஒத்திகைச் சூழல், பிறகு உண்மைத் தொகுதியில் ஒரே ஒரு சேர்வர், பிறகு ஒரு சதவீதப் போக்குவரத்து. நிமிடத்துக்கு எத்தனை கொடுப்பனவு வெற்றியாக முடிகிறது என்பதே அளவுகோல். சிபியு வரைபு அல்ல. என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். பழுதைப் போட ஒருவர், திரையைப் பார்க்க ஒருவர், நேரத்தோடு குறிப்பெடுக்க ஒருவர், ‘நிறுத்து’ என்று சொல்ல மட்டும் ஒருவர். அந்தக் கடைசி ஆளின் சொல்லுக்கு மேல் பேச்சு இருக்கக் கூடாது. அமேசானின் பழுது புகுத்தும் சேவையில் அலாரம் அடித்தால் தானாக நிற்கும் நிபந்தனையையும் வைக்கலாம். ஆனால் அழித்த இயந்திரத்தை அது மீட்டுத் தராது, அதற்கு வழி உங்கள் கையில் இருக்க வேண்டும். செவ்வாய் காலை பத்து மணி நல்ல நேரம். வெள்ளி பின்னேரமும் சம்பள வாரமும் பண்டிகை வாரமும் கூடாது. அழைப்பு நிலையத்துக்கும் முன்பே சொல்லுங்கள்.

பக்கப்பையும் மீட்டுப் பாருங்கள். 2023 இல் இலங்கை அரச மேகத்தின் மீது நடந்த தாக்குதலில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. 2017 இல், மென்பொருள் நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்லாப் தன் தரவுத்தளத்தை இழந்தபோது, பக்கப் எடுக்கும் வேலை தோல்வியடைந்துகொண்டிருந்ததையும், அதை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்கள் போய்ச் சேராததையும் அன்றுதான் கண்டார்கள். மீட்டுப் பார்க்காத பக்கப்பைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று முழுவதும் உங்கள் சேவை நிலைப் பக்கம் பச்சையாகவே இருந்தது. விழுந்த தொகுதிக்குள்ளேயே அந்தப் பக்கமும் ஓடினால் அப்படித்தான் இருக்கும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அன்றே அறிவித்தல் வந்தது. தமிழில் மறுநாள், எழுத்துப் பிழைகளோடு. கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் கடை நடத்துபவர்கள் பணம் வந்ததா இல்லையா என்று தெரியாமல் ஒரு பகல் முழுவதும் நின்றார்கள். கட்டணத்தை மட்டும் நீங்கள் ஒரு நாளும் பிந்தி எடுத்ததில்லை. மத்திய வங்கி 2021 இல் உரிமம்பெற்ற வங்கிகளுக்கு விடுத்த தொழில்நுட்ப இடர் பணிப்புரைகள் உங்கள் மேசையிலும் இருக்கின்றன. காகிதத்தில் நிறைவேற்றியதாகக் காட்டுவதற்கா அவை?

இவற்றை விரிவாகப் பேச வேறு சந்தர்ப்பம் வரட்டும். இப்போது பணிவாகக் கேட்பது முதலில் கேட்டதையே: மாதம் ஒரு ஒத்திகை, பகலில், அறிவித்து. முதலாவதாக, பதிலை வெட்டும் அந்த ஒத்திகையை அடுத்த சம்பள நாளுக்கு முன் நடத்துங்கள். எதைப் புகுத்தினீர்கள், எது விழுந்தது, எத்தனை நிமிடத்தில் மீண்டது, எதை எப்போது திருத்துவீர்கள் என்ற நான்கையும் ஒரு பக்கத்தில், மூன்று மொழியிலும், ஒரே நாளில் வெளியிடுங்கள். உங்கள் பொறியியலாளர்கள் விரும்பினால் ஒத்திகைத் திட்டத்தை எழுதுவதற்கு நாங்கள் சம்பளமில்லாமல் வந்து உட்காரத் தயார். அந்த அம்மாவிடம் மேலதிகமாகக் கழிந்த 8,450 ரூபாவையும் ஏழு நாள் காத்திராமல் திருப்பிக் கொடுக்கும்படி தயவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கொழும்பில் பணிபுரியும் மேகக் கணினிப் பொறியியலாளர்கள் சிலர்