டீயை மட்டும் குடித்துவிட்டு ஓடாதே

பாப்பாவுக்கு,

நீ போய்ச் சேர்ந்ததைத் தம்பி சொல்லித்தான் தெரியும். ஒரு போன் போட்டிருக்கலாம். சரி, ஷிப்டு நேரமாக இருந்திருக்கும். உன் பை ஜிப் சிக்கிக்கொண்டிருந்தது, மெழுகுவத்தியைத் தேய்த்துச் சரிபண்ணி வைத்தேன், கவனித்தாயா?

காலையில் டீயும் பன்னுமாக வேலைக்கு ஓடாதே. 2023-லிருந்து அரசுத் தொடக்கப்பள்ளி எல்லாவற்றிலும் காலைச் சாப்பாடு வந்துவிட்டது, எங்கள் பள்ளியில் பிரேயரில் மயங்கி விழுகிற பிள்ளையை இப்போது பார்க்க முடியவில்லை. சம்பாதிக்கிற பிள்ளைதான் வெறும் வயிற்றோடு பஸ் ஏறுகிறது. ஒரு மாதுளை வாங்குகிற காசில் பரோட்டா தின்றால் வயிறாவது நிறையும் என்றாயே, அதற்கு அன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. கீரை வாங்கிச் செய் என்றால் ஹாஸ்டலில் அடுப்பு ஏது என்பாய். வேர்க்கடலைக்கு அடுப்பு வேண்டாம், வாழைப்பழத்துக்கும் வேண்டாம். சம்பளத்தன்று கூட்டாளிகளோடு பக்கெட் பிரியாணிக்குப் பங்கு போடாவிட்டால் உன்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள், அதுவும் தெரியும். சாப்பிடு. மற்ற நாளைத்தான் கேட்கிறேன்.

போன வாரம் நர்சம்மா பள்ளிக்கு வந்திருந்தார். 2019-21 கணக்கெடுப்பில் நம் மாநிலத்துப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகையாம். இரும்புச்சத்து மாத்திரை போடுகிறவர்கள் டீ, காபியோடு போட்டால் சத்து உடம்பில் சரியாக ஒட்டாதாம், தள்ளித்தான் குடிக்க வேண்டுமாம், எலுமிச்சம்பழச் சாறு நல்லதாம். பொதுவாகச் சொன்னார், நானும் பொதுவாகத்தான் எழுதுகிறேன். டீயை மட்டும் குடித்துவிட்டு ஓடாதே.

உன் காசில்தான் குழு லோன் அடைகிறது, தம்பி பாலிடெக்னிக் போகிறான். தெருவில் நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை எனக்கு. ஆனால் உன் வளையல் முழங்கை வரை ஏறுகிறதே, அதை யாரிடம் சொல்ல?

நீ அஞ்சாம் வகுப்பு படிக்கும்போது முட்டையைத் தின்னாமல் டிபன் பாக்ஸில் போட்டுத் தம்பிக்குக் கொண்டுவருவாய். சத்துணவுக் கூடத்தில் மற்ற பிள்ளைகளிடம், "வீட்டுக்குக் கொண்டுபோகாதே, என் கண் முன்னால் தின்னு" என்று அதட்டுகிறவள் நான். உன் டிபன் பாக்ஸை மட்டும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். வீட்டுக்கு வந்ததும், "எம் பொண்ணுக்கு எவ்வளவு பாசம் பாரு" என்று உன் அப்பாவிடம் பெருமை வேறு. பத்து வயதுப் பிள்ளை அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு வருஷம் முட்டை தின்னவில்லை, பாப்பா. பசிக்கவில்லை என்று நீ இப்போது போனில் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த டிபன் பாக்ஸ்தான் ஞாபகம் வருகிறது.

நேற்றுத் தம்பியிடம் இதைச் சொன்னேன். அவனுக்கு ஞாபகமே இல்லை. எழுந்து வெளியே போய்விட்டான், ராத்திரி வந்துதான் சாப்பிட்டான்.

இந்த மாதம் 2,000 குறைத்தே அனுப்பு. குழுவில் நான் பேசிக்கொள்கிறேன். கடலை உருண்டையும் முருங்கைக்கீரைப் பொடியும் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போட்டுவிடுகிறேன், கூடப் படுக்கிற பிள்ளைகளுக்குக் கொடுத்தாலும் உனக்கு எடுத்து வைத்துக்கொண்டு கொடு.

அம்மா