தங்கச்சியின் பெட் ஸ்கேன்: ஒரு கடிதம்

சூரமங்கலம், சேலம்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்தது. தங்கச்சியின் புற்றுநோய்க்கு எடுத்த இரண்டு பெட் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்தேன். காப்பி பறிக்க ஆள் கிடைக்காத புலம்பல், மிளகுக் கொடியைக் காட்டெருமை மிதித்த கதை என்று நாலு பக்கம் எழுதிவிட்டு, தங்கச்சி விஷயத்தைக் கடைசியில் இரண்டே வரியில் சொல்லியிருக்கிறாய். "கீமோ கேட்கவில்லை போலிருக்கிறது, எண் ஏறிவிட்டது, நிறுத்திவிடலாமா?" சேர்வராயன் மலை மேல் உட்கார்ந்துகொண்டு நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். முதலில் இதைப் படி.

நான் டாக்டர் இல்லை. ஆனால் ஓய்வு பெறும் வரை ஸ்கேன் பிரிவில்தானே காலம் தள்ளினேன். அந்த எண் எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுகிறார்கள். அது உடம்பு முழுக்கச் சமமாகப் பரவியிருந்தால் எவ்வளவு இருக்குமோ, அதைப்போல எத்தனை மடங்கு கட்டியில் சேர்ந்திருக்கிறது என்பதுதான் ரிப்போர்ட்டில் இருக்கும் எஸ்யூவி. இந்தக் கணக்கில் ஆளின் எடையும் சேர்த்திதான்.

இப்போது இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை. முதலாவதில் கட்டிக்கு 6.8, இரண்டாவதில் 7.9. எடை இரண்டிலும் 58 கிலோ. தங்கச்சி இளைத்து 52 ஆகிவிட்டாள் என்று நீயே எழுதியிருக்கிறாய்! பழைய பேப்பரைப் பார்த்து எடையை எழுதிவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. 58-ஐ 52 ஆக்கிக் கணக்குப் போட்டால் 7.9 என்பது 7.1 ஆகிவிடும். உன் பயத்தில் முக்கால்வாசி எடை மெஷினில் ஏற்றாததால் வந்தது.

நோயில்லாத ஈரலையும் பார். முதலில் 2.0, இப்போது 2.5. ஈரலில் ஒன்றுமில்லை என்று இரண்டு ரிப்போர்ட்டும் சொல்கின்றன, ஆனாலும் அதன் எண் கால் பங்கு ஏறியிருக்கிறது. 2009-ல் வால் என்ற அமெரிக்க டாக்டரும் குழுவினரும், சிகிச்சைக்குக் கட்டி கேட்கிறதா என்று பெட் ஸ்கேனில் கணிக்கக் கொடுத்த பெர்சிஸ்ட் விதிமுறையில், இரண்டு ஸ்கேனை ஒப்பிட வேண்டுமானால் ஈரலின் எண் 20 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. விலகினால் அளந்த விதத்திலேயே ஏதோ மாறியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். இங்கே எடையைத் திருத்தினால் ஈரலும் 2.2 பக்கம் வந்து நிற்கிறது. அதனால்தான் என் சந்தேகம் எடை மேல் போகிறது.

மிச்சம் இருக்கும் வித்தியாசத்துக்கும் காரணம் தேடலாம். இரண்டாவது ஸ்கேன் வேறு இடத்தில், புது மெஷினில் எடுத்தது. படத்தைக் கூர்மையாக்கும் புதிய மென்பொருள் சின்னக் கட்டியின் எண்ணை உயர்த்திக் காட்டும். ஊசி போட்டு எத்தனை நிமிடம் கழித்துப் படம் எடுத்தார்கள் என்றும் அதில் இல்லை. வழக்கம் 60 நிமிடம். பல கட்டிகள் அதற்குப் பிறகும் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருப்பதால், 90 நிமிடத்தில் எடுத்தால் எண் கூடும். ஊசியில் ஏற்றும் அந்தச் சர்க்கரையின் கதிரியக்க வீரியம் 110 நிமிடத்தில் பாதியாகும். ஊசி அறைக் கடிகாரமும் மெஷின் கடிகாரமும் 10 நிமிடம் மாறினாலே 6 சதவீதம் பிசகும். ஈரம் பார்க்காத காப்பிக் கொட்டையை இரண்டு வியாபாரியின் தராசில் நிறுத்திவிட்டு, எடை ஏறிவிட்டது என்று நீ சொல்வாயா? நேரமும் ரத்தச் சுகர் அளவும் சரியான எடையும் இல்லாத ரிப்போர்ட்டை நான் பாதி ரிப்போர்ட்டாகத்தான் எடுத்துக்கொள்வேன். புள்ளிக்குப் பின்னால் ஓர் எண்ணை அச்சடித்துவிட்டால் துல்லியம் வந்துவிடாது.

எல்லாம் கவனமாகச் செய்தாலும் கொஞ்சம் ஆடும். ஒரே ஆளை ஒரே மெஷினில் சில நாள் இடைவெளியில் இரண்டு முறை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், நடுவில் சிகிச்சை ஏதும் கொடுக்காமல். அப்போதும் 10, 12 சதவீதம் மாறுகிறது. அதனால்தான் 39 சதவீதம் ஏறினாலோ 28 சதவீதம் இறங்கினாலோதான் நிஜ மாற்றம் என்று நம்பிச் சொல்லலாம் என, வட அமெரிக்கக் கதிரியக்கவியல் சங்கம் தொடங்கிய குழு ஒன்று வரையறுத்தது. பெர்சிஸ்ட் கணக்கில் 30 சதவீதமும், கூடவே 0.8 அலகும் மாறியிருக்க வேண்டும். தங்கச்சிக்கு ஏறியது, திருத்தாமலே, 16 சதவீதம்.

இதைச் சொல்லிவிட்டு உன்னைக் குஷிப்படுத்தவும் எனக்கு மனசில்லை. எண் இறங்கவும் இல்லையே. மருந்து வேலை செய்கிறது என்பதற்கும் இந்த ஸ்கேன் சாட்சி சொல்லாது. புதிதாக ஓர் இடத்தில் புள்ளி தெரிந்திருந்தால் நானே பயந்திருப்பேன். அப்படி எதுவும் இதில் இல்லை.

அப்புறம், "எலும்பு மஜ்ஜையில் பரவலாக" என்ற வரியைப் படித்து எலும்புக்குப் போய்விட்டதோ என்று கேட்டிருந்தாய். கீமோவுக்குப் பின் வெள்ளை அணு ஏறப் போட்ட ஊசி இருக்கிறதே, அது மஜ்ஜையைத் தூண்டி இப்படி முழுக்க ஒரே சீராக ஒளிர வைக்கும். ஊசி போட்ட தேதியை டாக்டரிடம் சொன்னீர்களா?

எடை விஷயத்தை ஸ்கேன் எடுத்த இடத்தில் சொல்லி ரிப்போர்ட்டைத் திருத்தி வாங்கு. புற்றுநோய் டாக்டரிடம் இரண்டையும் காட்டிவிட்டுத்தான் கீமோ பற்றி எந்த முடிவும். அடுத்த ஸ்கேன் முதலில் எடுத்த அதே இடத்தில் இருக்கட்டும்.

அதற்கு முந்தின நாளே இறங்கி வந்து எங்கள் வீட்டில் தங்குங்கள். விடியற்காலைக் குளிரில் ஏற்காட்டிலிருந்து வந்து ஏசி அறையில் படுத்தால் கழுத்துக் கொழுப்பு ஒளிர்ந்து குழப்பும், அவளைப் போல ஒல்லியான பெண்களுக்கு இது அதிகம். கம்பளி கொண்டு வரச் சொல். முந்தின நாள் எஸ்டேட் மேடு ஏறி இறங்க வேண்டாம், தசையும் சர்க்கரையை இழுக்கும். வரும்போது ரிப்போர்ட்டோடு பழைய ஸ்கேன் சிடியையும் எடுத்து வா.

உன்
பழைய கூட்டாளி