தவறுகளுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு அலுவலகங்களுக்குச் செயற்கை நுண்ணறிவு வருவது பற்றிய உங்கள் தலையங்கம் வேகத்தையும் சிக்கனத்தையும் மெச்சியது. சரி. ஆனால் இதில் ஏற்கெனவே கையைச் சுட்டுக்கொண்ட அரசுகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

தெலங்கானாவில் வீட்டுக்குப் போய்ப் பார்க்காமல், கணினி சொன்னதை நம்பி ரேஷன் அட்டைகளை ரத்து செய்தார்கள். ரத்தான சுமார் 19 லட்சம் அட்டைகளை நேரில் போய்ச் சரிபாருங்கள் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆஸ்திரேலிய அரசு உதவித்தொகையைத் திரும்ப வசூலிக்கக் கொண்டுவந்த 'ரோபோடெட்' என்ற கணினித் திட்டம் இன்னும் மோசம். அது செயற்கை நுண்ணறிவுகூட இல்லை, வெறும் வகுத்தல் கணக்கு. ஆண்டு வருமானத்தை இரண்டு வாரத்துக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்து, உதவித்தொகையை அதிகமாக வாங்கிவிட்டாய், திருப்பிக் கட்டு என்று நோட்டீஸ் அனுப்பினார்கள். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் வாங்கியவர் தலையில். 61 நாள் தடைக்காலத்தில் கடலுக்கே போகாத காசிமேட்டு விசைப்படகுத் தொழிலாளியை அந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள், அந்த நாள்களிலும் சம்பாதித்ததாகவே காட்டும், விபரீதம் புரியும்.

எங்கள் எண்ணூரில் 2023 டிசம்பரில் எண்ணெய் பரவியது, பின்னாலேயே அமோனியா கசிந்தது. கண் எரிந்தது, ஊரே தெருவுக்கு வந்தது, பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. மென்பொருள் தப்பு செய்தால் புகையும் வராது, நாற்றமும் வராது. பாதிக்கப்பட்டவர் தனக்கு மட்டும்தான் ஏதோ கோளாறு என்று இ-சேவை மையத்தில் தனியாக நிற்பார்.

அதனால்தான் பதிவேடு கேட்கிறேன். எந்தத் துறையில், எந்த மென்பொருள், எத்தனை பேரைத் தவறாக நீக்கியது, எப்படிச் சரிசெய்தார்கள் என்பதைத் தமிழில், எல்லோரும் பார்க்கும்படி அரசு வெளியிட வேண்டும். மத்திய அரசின் 2025 நவம்பர் செயற்கை நுண்ணறிவு வழிகாட்டுதலிலும் இப்படியொரு தரவுத்தளம் பற்றிய யோசனை உண்டு. அதற்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம், மேல்முறையீடு. மகளிர் உரிமைத் தொகை மறுக்கப்பட்டவர்கள் 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் முறையிட 2023-இல் வழி வைத்தார்கள். கணினி முடிவெடுக்கும் எல்லாத் திட்டத்துக்கும் அதைக் கட்டாயமாக்கலாம். மக்கள் பயன்பாட்டுக்கு வரும் முன்பே மென்பொருளுக்கு மதிப்பெண் போட்டு மதிப்பிடும் முறையைத் தமிழ்நாட்டின் 2020 செயற்கை நுண்ணறிவுக் கொள்கையே சொல்கிறது. அப்படி எது என்ன மதிப்பெண் வாங்கியது என்பதையும் அதே பதிவேட்டில் போடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
எண்ணூர், சென்னை-57