தைராய்டு நோயாளர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. தைராய்டு வேலையை அறியும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையின் இலவச முகாம் நல்லபடியாக நடந்தது.

அடுத்து, அறுவை சிகிச்சையில் பயன்படும் சாயங்கள் பற்றி நாம் வெளியிட்ட துண்டறிக்கை. "ஆபரேஷன் தியேட்டருக்குள் நடப்பதில் சங்கத்துக்கு என்ன வேலை?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நம் சகோதரி ஒருவருக்குத் தைராய்டை எடுத்தபின் உதட்டைச் சுற்றி மரத்துப்போனது. பிறகு கைவிரல்கள் குவிந்து விறைத்துக்கொண்டன. வீட்டார் பிடித்து இழுத்தும் விரியவில்லை. ஊசி வழியாகக் கால்சியம் ஏற்றிய பிறகே கை இளகியது. தைராய்டின் பின்பக்கம் ஒட்டியிருந்து ரத்தத்தில் கால்சியத்தைச் சீராக வைக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டால் இப்படி ஆகும். சாதாரணமாக நான்கு இருக்கும், ஒவ்வொன்றும் பருப்பளவு. கொழுப்புக்கும் நெறிக்கட்டிக்கும் நடுவே அவற்றைப் பிரித்தறிவது பழகிய கண்ணுக்கே சிரமம். பக்கத்திலேயே குரல் நரம்பு வேறு ஓடுகிறது. அதில் அடிபட்டால் குரல் கம்மிவிடும்.

இவற்றை அடையாளம் காட்டத்தான் சாயங்கள். நீர்த்த மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைத் தைராய்டின் மேல் தெளிக்கும் முறையில், சில நிமிடங்களில் பாராதைராய்டு மட்டும் நீலம் வெளுத்துத் தன் மஞ்சள் நிறத்துக்குத் திரும்பும். தைராய்டு நீலமாகவே நிற்கும். குரல் நரம்பு சாயம் பிடிக்காமல் வெள்ளையாகத் தெரியும். இண்டோசயனின் பச்சை என்ற இன்னொரு சாயத்தை ரத்தக்குழாயில் செலுத்தி அகச்சிவப்புக் கேமராவில் பார்ப்பார்கள். ரத்த ஓட்டமுள்ள சுரப்பி ஒளிரும். ஓட்டம் இழந்ததைப் பொடியாக நறுக்கிக் கழுத்துத் தசையில் பதித்துக் காப்பாற்றப் பார்க்கலாம். சாயமே இல்லாமல் சுரப்பியின் சொந்த ஒளியைப் பிடிக்கும் கருவிகளுக்கும் 2018-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. இவை எல்லாம் சர்ஜனின் அனுபவத்துக்குத் துணைதான் என்பதையும் துண்டறிக்கையில் சேர்த்திருக்கிறோம்.

சங்கத்தின் வேலை இங்கேதான் வருகிறது. இண்டோசயனின் பச்சை மருந்தில் அயோடைடு உண்டு. ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லியாக வேண்டும். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவருக்கு மெத்திலீன் நீலத்தை ரத்தத்தில் ஏற்றினால் மூளையில் செரோடோனின் என்ற ரசாயனம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும் என்று 2011-இல் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. அந்த மாத்திரையை வெட்கப்பட்டு மறைக்கும் நம் பெண்களிடம் யார் எடுத்துச் சொல்வது? நாம்தான்.

இதற்காக ஏற்பாடு செய்த விளக்கக் கூட்டத்துக்குச் சர்ஜன் தியேட்டர் வேலையை முடித்த கையோடு வந்தார். வருவதாக வாக்களித்தவர்களில் பலர் வரவில்லை. காலி நாற்காலிகளைப் பார்த்துத்தான் அவர் பேசினார். அன்று எனக்கிருந்த மனவருத்தம் இன்னும் தீரவில்லை.

வரவுக்குள் செலவு ஏறக்குறைய அடங்கியது; விவரம் பொருளாளரிடம் உண்டு. அச்சுக்கூலியில் ஒரு பகுதியை நானே கொடுத்தேன். சந்தா பாக்கி சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. பெயர்களை இங்கே வாசிக்க விரும்பவில்லை.

மண்டபம் தந்தவருக்கும் தேநீர் வழங்கியவருக்கும் நன்றி.

துண்டறிக்கை தீர்ந்துவிட்டது. வரும் ஆண்டில் அரசு மருத்துவமனைப் புறநோயாளிகள் பிரிவிலும் அதைக் கொடுக்க எண்ணம். அச்சகத்தார் முன்பணம் கேட்கிறார். கூட்டம் முடியும்வரை பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் மேசையில் இருப்பார்.