உறைந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறன்று தங்கள் நாளிதழின் மருத்துவ இணைப்பில், அனியூரிசம் எனப்படும் மூளை இரத்தக்குழாய் வீக்கம் பற்றிய கட்டுரையில், "வீக்கத்துக்குள் இரத்தம் உறைந்துவிட்டால் வெடிக்கும் ஆபத்து நீங்கிவிடுகிறது" என்று ஒரு வரி வந்திருந்தது. முழுவதும் உறைவது வேறு, ஒரு பகுதி மட்டும் உறைவது வேறு என்பது தாங்கள் அறியாததல்ல. பாதி உறைந்த அனியூரிசத்தின் மீதிப் பகுதியில் இரத்தம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதன் சுவரிலுள்ள நுண்குழாய்கள் கசிந்து வீக்கம் மேலும் பெருக்கலாம், வெடிக்கவும் செய்யலாம், உறைவிலிருந்து ஒரு துணுக்கு பிரிந்துபோய்ப் பக்கவாதத்தையும் கொண்டுவரலாம். இவற்றில் ஒன்றையாவது அக்கட்டுரை சொல்லியிருக்க வேண்டாமா?

என் தங்கைக்கு வந்தது இந்த நோய்தான். இடது இமை தொங்கிப்போய், இமையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஆஞ்சியோகிராமில் வீக்கம் 9 மி.மீ. என்றார்கள், எம்.ஆர்.ஐ.யில் அதுவே 28 மி.மீ. ஆஞ்சியோவில் செலுத்தும் மருந்து இரத்தம் ஓடும் வழியில் மட்டுமே செல்லும் என்பதால் உறைந்த பகுதி அந்தப் படத்தில் விழுவதே இல்லை. எம்.ஆர்.ஐ. படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, வெங்காயச் சருகு போல அடுக்கடுக்காய்ப் படிந்திருந்த உறைவை மருத்துவர் பேனா முனையால் தொட்டுக் காட்டியபோதுதான், கண்ணை இயக்கும் மூன்றாம் நரம்பை எது அழுத்துகிறது என்பது எங்களுக்குப் புரிந்தது.

காயில் எனப்படும் மெல்லிய கம்பிச் சுருளை வீக்கத்துக்குள் வைத்து அடைத்தால் அது நாளடைவில் உறைவுக்குள் புதைந்து வீக்கம் மறுபடி திறந்துகொள்ளக்கூடும், மண்டையைத் திறந்து, வீக்கம் குழாயிலிருந்து கிளம்பும் கழுத்தைக் கவ்வி மூடும் கிளிப் போடலாமென்றால் அந்தக் கழுத்தில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்றெல்லாம் ஆலோசித்த பிறகே, இரத்த ஓட்டத்தைத் திருப்பிவிடும் வலைக்குழாயைப் பொருத்தினார்கள். அந்த வலையில் இரத்தம் கட்டி வழி அடைபடாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் தவறாமல் சாப்பிட்டு வருகிறாள். தங்கள் கட்டுரையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்த உறவினர் ஒருவர், "உறைவதுதான் நல்லது என்று பேப்பரிலேயே போட்டிருக்கிறான், உறையாமலிருக்க எதற்கு மாத்திரை?" என்று அவள் எதிரிலேயே கேட்டார். அன்றிரவு அவள் மாத்திரையைப் போடாமல் எடுத்து வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் நான் பார்த்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே நடுங்குகிறது.

இது முதல் முறையாக இருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். சென்ற ஆண்டு தங்கள் கை வைத்தியப் பகுதியில் தொங்கும் இமையை முகவாதம் என்று குறிப்பிட்டு ஒத்தடம் சொல்லியிருந்தார்கள். முகவாதத்தில் கண் மூடாது. மூன்றாம் நரம்பு பழுதானால் கண் திறக்காது. திடீரென இமை தொங்கி, கண்மணியும் விரிந்திருந்தால் அன்றைக்கே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று அப்போதே பணிவுடன் எழுதினேன். கடிதமும் வெளிவரவில்லை, பதிலும் இல்லை. அதே பக்கத்தில், மூளை நோய்களை அறுவை சிகிச்சையின்றிக் கரைப்பதாகச் சொல்லும் விளம்பரம் மட்டும் வாரந்தோறும் தவறாமல் வருகிறது. 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கியது இதே வேலூரில்தான். அப்படிப்பட்ட ஊரில் அச்சாகும் பதிப்பில், ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டிச் சரிபார்க்காமல் இத்தகைய வரி வெளிவந்திருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வரும் ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், கண்ணில் படும் எழுத்தில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். மருத்துவரைக் கேட்காமல் எவரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்ற வரியையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.